வழிகாட்டி குறை சொன்னாரா? அனிமேஷன் படத்தின் தோற்றத்தைத் திருத்தும் வழி

பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தைக் குறும்படமாக்கி, ஈப்போவில் ஒரு மூத்த கலைஞரிடம் காட்டுகிறீர்கள். "கதை சரி, ஆனால் தோட்டம் எந்த ஊரோ போல இருக்கிறதே" என்கிறார். மனம் சுருங்கத்தான் செய்யும். இருந்தாலும் அந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

1. குறையைக் காட்சியோடு கேளுங்கள்

எதிர்வாதம் வேண்டாம். எந்தக் காட்சியில் கண் விலகியது என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கோடு, நிறம், ஒளி, பின்னணி என்று பிரியுங்கள். "நன்றாக இல்லை" என்பதை வைத்து எதையும் திருத்த முடியாது. "இலைகளுக்குள் ஆள் தொலைந்துபோகிறார்" என்பதை வைத்துத் திருத்தலாம்.

2. மூன்று காட்சி போதும்

டிஸ்னியின் 'பாம்பி'க்கும் இதே சிக்கல் வந்தது. தொடக்க ஓவியங்களில் இலை இலையாகக் காடு தெரிந்தது. மான்கள் அதில் அமுங்கிப்போயின. 1938-இல் அங்கே கீழ்நிலை ஓவியராகச் சேர்ந்த டைரஸ் வோங், சீன நிலக்காட்சி மரபில் மூடுபனியும் ஒளியுமாகச் சில படங்கள் தீட்டிக் காட்டினார். 1942-இல் வெளியான படத்தின் தோற்றத்தையே அவை தீர்மானித்தன. நீங்களும் விடியல், பகல், இரவு என மூன்றே காட்சிகளைப் புதிதாகத் தீட்டுங்கள். வழிகாட்டி தலையசைத்த பிறகு மற்றவற்றைத் தொடலாம். கதைப்பலகை அப்படியே இருக்கட்டும்.

3. தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள்

பேராக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. எஞ்சியிருக்கும் பால்மர நிரையைத் தேடிப் போங்கள். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியும். அதன் அடியில் பால் வடியும் மங்கு. வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டோடேயே வெட்டத் தொடங்குவார்கள். ஆகவே விடியல் காட்சிக்கு ஒளி, தலையில் கட்டிய விளக்குதான். வெட்டுக்கோட்டை மாற்றிச் சாய்த்து வரைந்தால் பாட்டி உடனே கண்டுபிடித்துவிடுவார். படத்தை அவருக்கும் காட்டுங்கள்.

4. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

எந்தெந்த நிறம், கோடு எவ்வளவு தடிமன், ஒளி எங்கிருந்து வரும்: குழுவில் எல்லாரும் இந்தப் பக்கத்தைப் பார்த்தே வரைய வேண்டும். பின்னணி மட்டும் மாறினால் அசைவு வேலை பெரும்பாலும் தப்பும். பாத்திரங்களின் வடிவத்தைத் தொட்டால் அதுவும் திரும்பி வரும். நாள் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள்.

பேராக்கின் கோப்பெங்கில் பிறந்த கேலிச்சித்திரக் கலைஞர் லாட், தன் கம்பத்து வாழ்க்கையை 1979-இல் 'கம்போங் பாய்' நூலாக வரைந்தார். அதிலிருந்து பிறந்த அனிமேஷன் தொடரின் ஓர் அத்தியாயம் 1999-இல் பிரான்சின் அன்னெசி விழாவில் பரிசு பெற்றது. பேராக் கம்பம் உலகத்துக்குப் புரிந்ததென்றால் நம் தோட்டமும் புரியும். தோட்ட லயத்தில் வாழ்ந்தவர்கள் பார்த்துச் சரி சொல்ல இருக்கும்போதே வரைந்து முடியுங்கள்.