நசீர் வருவதற்கு முன்

டத்தோ கிராமாட், பினாங்கு

அன்பு மகளுக்கு,

தமிழ்ப்பள்ளியில் உனக்கு முதல் பணி கிடைத்த செய்தி அறிந்து மனம் நிறைந்தது. "நசீர் வந்து உட்கார்ந்தால் எதைப் பார்ப்பார்?" என்று பள்ளி ஆய்வாளரான நசீரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லுமுன் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

1862இல் இங்கிலாந்து அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஆய்வாளர் பள்ளிக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தனித்தனியே சோதிப்பார். ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பிள்ளைக்குரிய மானியத்தில் இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ் வெட்டு. பணத்துக்குக் கணக்கு கேட்பது நியாயம்தான் என்று அன்று பலருக்கும் தோன்றியது. வகுப்பறையில் நடந்ததோ வேறு. வாசிப்புப் புத்தகத்தை முழுக்க மனப்பாடம் செய்யவைத்தார்கள். மானியம் தராத பாடங்கள் ஓரத்துக்குப் போயின. கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் பள்ளி ஆய்வாளராகவும் இருந்தவர். தான் நடத்தவேண்டிய சோதனையையே அவர் வெளிப்படையாக எதிர்த்தார். அவரை நான் மிகவும் மதிப்பது இதற்காகத்தான். அந்த முறை மறைய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சென்னை மாகாணத்துக்கும் இலங்கைக்கும் நம் நீரிணைக் குடியேற்றங்களுக்கும்கூட அது கப்பலேறி வந்தது.

நம் காலத்துக்கு வா. 1988இல் தொடங்கிய யூபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பிற்காலத்தில் ஏழு தாள்கள். 2016 முதல் எட்டு. எத்தனை பேர் 7ஏ வாங்கினார்கள் என்பதே பள்ளியின் பெயராக இருந்தது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தோட்டத்திலிருந்தும் அடுக்குமாடி வீடுகளிலிருந்தும் வந்து வாங்கிய ஏக்கள் அவை. ஆனால் ஆறாம் ஆண்டில் சிரமப்பட்ட பிள்ளை இரண்டாம் ஆண்டிலேயே பின்தங்கியிருப்பான். அவனை அப்போது கவனித்த ஆசிரியரின் உழைப்பும் கவனிக்காதவரின் அலட்சியமும் அந்த எண்ணிக்கையில் தெரியவே தெரியாது. 2021இல் தேர்வை அகற்றினார்கள்.

இப்போது நசீர் கையில் இருப்பது எஸ்கேபிஎம் எனும் மலேசியக் கல்வித் தரப் பட்டியல். அதன் இரண்டாம் அலை 2017இல் வந்தது. நான்காம் தரம்தான் உன் வகுப்பறை: திட்டமிடுபவர், கட்டுப்படுத்துபவர், வழிகாட்டுபவர், ஊக்குவிப்பவர், மதிப்பிடுபவர் என ஆசிரியருக்கு ஐந்து கூறுகள், மாணவர் முனைந்து கற்கிறாரா என்பது ஆறாவது. பூச்சியம் முதல் நான்கு வரை புள்ளி. முதல் ஐந்தையும் ஒருநாள் அழகாகச் செய்து காட்டிவிடலாம். ஆறாவதை அப்படிக் காட்ட முடியாது. கேள்வி கேட்டுப் பழகாத வகுப்பு நசீர் வந்த அன்று மட்டும் கேள்வி கேட்காது. அதனால் பட்டியலை ஆறிலிருந்து படி.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை. வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளைக்கு ஒன்று முதல் ஆறு வரை தேர்ச்சி நிலை போடுவது நீயேதான். மேலே சரிபார்க்க யூபிஎஸ்ஆர் இப்போது இல்லை. எல்லாருக்கும் மூன்று, நான்கு என்று போட்டுவிட்டால் யாரும் உன்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் நிலை ஒன்றில் இருக்கும் பிள்ளைக்கு மூன்று போட்ட அந்த நிமிடமே, அவனுக்கு வரவேண்டிய குறைநீக்கல் பயிற்சியை நீ தடுத்துவிடுகிறாய். ஒன்று என்றால் ஒன்றே எழுது. பக்கத்தில் எந்த எழுத்தில் தடுமாறுகிறான், எந்தக் கழித்தலில் கடன் வாங்க மறக்கிறான் என்று குறித்துவை. அடுத்த ஆண்டு ஆசிரியருக்கு அந்தக் குறிப்பு நிலை எண்ணைவிடப் பயன்படும்.

முதல் மாதத்திலேயே ஒரு மூத்த ஆசிரியரை உன் வகுப்பில் வந்து உட்காரச் சொல். உன்னைப் பார்க்கவேண்டாம், கடைசி வரிசைப் பிள்ளைகள் இருவரை மட்டும் பாடம் முடியும்வரை பாருங்கள் என்று கேட்டுக்கொள். அவர் வகுப்புக்கும் நீ அப்படியே போ. விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது அவர் சொன்னதை எழுதி எடுத்து வா. நாம் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அப்பா