அலாரம் அடித்தும் ஏன் மறக்கிறோம்?

செய்ய வேண்டியதைத் தவறவிடாமல் செய்துமுடிப்பவரைப் பார்த்தால் ‘என்ன ஞாபகசக்தி!’ என்கிறோம். தவறவிடுபவருக்கு வல்லாரைக் கீரையைப் பரிந்துரைக்கிறோம். அவர் கொஞ்சம் நவீனமானவர் என்றால் போனில் இன்னொரு ஆப்பை இறக்கிக்கொள்ளச் சொல்கிறோம். இரண்டு யோசனைக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான்: தலைக்குள் இடம் போதாததால் மறதி வருகிறது, கொள்ளளவைக் கூட்டினால் சரியாகிவிடும். இந்த நம்பிக்கை உண்மையோடு ஒத்துப்போவதில்லை. கரண்ட் பில் கட்ட வேண்டும் என்பது தெரியாமல் யாரும் விட்டுவிடுவதில்லை. ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து நின்றதும் தொகை உட்பட எல்லாமே நினைவுக்கு வந்துவிடுகிறது. தகவல் பத்திரமாகத்தான் இருந்தது. கையில் போனும் கணக்கில் பணமும் இருந்த அத்தனை நாளில் ஒரு தடவைகூட அது எழுந்து முன்னால் வரவில்லை, அவ்வளவுதான். உரிய தருணத்தில் ஒரு தூண்டல் கிடைக்காமல் போவதுதான் நாம் அன்றாடம் படும் மறதியில் பெரும்பகுதி. ஆப்களையும் எளிய உத்திகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்: செய்ய முடிகிற நேரத்தில், செய்ய முடிகிற இடத்தில், அது நம் கண்ணில் படுகிறதா?

நடந்ததை நினைவில் வைப்பதையும் இனிச் செய்யவேண்டியதை நேரத்துக்கு நினைவுகூர்வதையும் உளவியலாளர்கள் தனித்தனி வகைகளாகப் பிரிக்கிறார்கள். இரண்டாவது வகையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் முதியவர்கள் இளைஞர்களைவிடப் பின்தங்குகிறார்கள். அவர்களையே வீட்டுக்கு அனுப்பி, ‘இன்ன நாளில் இன்ன நேரத்துக்குத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்’ என்பதுபோல ஒரு வேலை கொடுத்தால் இளைஞர்களை முந்திவிடுகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான பகுப்பாய்வு இதை உறுதிப்படுத்தியது. வயதோடு மூளை கூர்மையாகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. முதியவர்களின் நாள் ஓர் ஒழுங்கில் ஓடுகிறது, கொடுத்த வேலையை அக்கறையாக எடுத்துக்கொள்கிறார்கள், தலையை நம்பாமல் குறித்து வைக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கம் தருகிறார்கள். நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைப் பார்த்தால் இதில் வியப்பு ஒன்றும் தோன்றாது. சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வராத நாள், சீட்டுப் பணம் கட்டும் நாள், மூன்று மாதம் தள்ளி டாக்டர் வரச்சொன்ன தேதி என எல்லாம் பேனாவில் வட்டம் போட்டுக் கிடக்கும். அடுப்பைப் பற்றவைக்கப் போகிறவர் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். போனில் உள்ள காலண்டர் இதையே செய்கிறது, கூடவே சத்தமும் போடுகிறது. ஆனால் தேடிப்போய்த் திறக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. திறக்க மறந்தால் எழுதியதும் வீண்.

சத்தம்தான் இருக்கிறதே, அதிகமாக வைத்துக்கொண்டால் போகிறது என்று தோன்றலாம். இதுதான் பரவலான இரண்டாவது நம்பிக்கை. இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கென்யாவில் எச்ஐவிக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு நாள்தோறும், சிலருக்கு வாரம் ஒருமுறை குறுஞ்செய்தி அனுப்பினார்கள்; சிலருக்கு ஒன்றும் அனுப்பவில்லை. 48 வாரங்கள் நடந்த இந்த ஆய்வு 2011இல் வெளியானது. மருந்தில் 90 சதவீதமாவது தவறாமல் எடுத்துக்கொண்டவர்கள் செய்தி வராத பிரிவில் 40 சதவீதம், வாரச் செய்தி பெற்றவர்களில் 53 சதவீதம். தினமும் செய்தி பெற்றவர்களோ, ஒன்றுமே பெறாதவர்களைவிடத் தேறவில்லை. நாள்தோறும் வருவது சில நாட்களில் சுவர்க்கடிகாரத்தின் டிக்டிக் ஆகிவிடும் என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். நம் போனையே பார்க்கலாம். உணவு ஆர்டர் செய்யும் ஆப்பின் தள்ளுபடி அறிவிப்பு, குடும்பக் குழுவின் காலை வணக்கம், ‘எல்ஐசி பிரீமியம்’ என்று நாம் வைத்த நினைவூட்டல் மூன்றும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. கட்டைவிரல் மூன்றையும் ஒரே தள்ளலில் ஒதுக்குகிறது. விற்பனை ஆப்களின் அறிவிப்புகளை அணைப்பது எந்தப் புதிய ஆப்பையும்விட அதிகப் பலன் தரும். இலவசம் என்பதால் அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

தருணம் தவறுவது இதைவிட நுணுக்கமான பிழை. ‘பேங்க் போகணும்’ என்று காலை ஆறு மணிக்கு அலாரம் வைக்கிறோம். பேங்க் திறப்பது பத்து மணிக்கு. ஆறு மணிக்குச் செய்யமுடிந்தது அலாரத்தை அணைப்பது மட்டுமே. அணைத்த கணத்தில் அந்த வேலை முடிந்துவிட்டதுபோல மனம் அடுத்ததற்குப் போய்விடுகிறது. அதே நினைவூட்டல், செருப்பு மாட்டும் ஒன்பதே முக்காலுக்கு, ‘பாஸ்புக், பான் கார்டு எடுத்துக்கொண்டு பேங்க்’ என்ற வாசகத்தோடு வந்திருந்தால் கதை வேறு. ஐபோனின் ரிமைண்டர்ஸ் ஆப்பில் ஓர் இடத்தை நெருங்கும்போது நினைவூட்டும் வசதியே இருக்கிறது. அதுவும் தேவையில்லை, ஹெல்மெட்டுக்குள் போட்டுவைத்த ரேஷன் கார்டை எந்த ஆப்பும் மிஞ்ச முடியாது. வண்டியை எடுக்கும் முன் அதைக் கையில் எடுத்தே ஆகவேண்டும்.

தருணத்தை முன்கூட்டி முடிவுசெய்வதன் வலிமையை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுநாள் ஆராய்ந்தவர். ‘நடைப்பயிற்சி செய்வேன்’ என்ற தீர்மானத்தைவிட, ‘குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றியதும் அப்படியே நடக்கப்போவேன்’ என்ற தீர்மானம் நடந்தேறும் வாய்ப்பு அதிகம். இந்த வகைத் திட்டங்களைப் பற்றிய 94 சோதனைகளைச் சக ஆய்வாளர் ஷீரனுடன் சேர்ந்து அவர் 2006இல் தொகுத்துப் பார்த்ததில், நடுத்தரத்துக்கும் மேலான விளைவு தெரிந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடத்தியபோது, அறிவிப்புத் தாளில் ஒரே ஒரு மாற்றம் செய்து பார்த்தார்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அவர்களே எழுதிக்கொள்ள இடம் விட்டார்கள். அதை யாரும் திரும்ப வாங்கிச் சரிபார்க்கவில்லை. ஆனாலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 33 சதவீதத்திலிருந்து 37 சதவீதம் ஆனார்கள். நூற்றுக்கு நான்கு பேர்தானே என்று கேட்கலாம். செலவு அச்சில் இரண்டு வரி என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும். செய்யவேண்டியவை பட்டியலில் இருபது வரி எழுதிவைத்து ஒன்றுக்கும் நேரம் குறிக்காதவரைவிட, மூன்று வேலைக்கு மணி குறித்தவர் இரவில் நிம்மதியாகத் தூங்குவார் என்பது என் கணிப்பு.

பட்டியலைக் குறைசொல்வதாக நினைக்கவேண்டாம். பட்டியல் உயிரையே காக்கும் என்பதற்குச் சான்று உண்டு. அந்தச் சான்றை முழுதாகப் படித்தால் நம் வாதத்தின் பக்கம்தான் சாய்கிறது. அறுவைசிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்கியது. டெல்லி, லண்டன், மணிலா, டான்சானியாவின் இஃபகாரா உட்பட எட்டு ஊர்களில் எட்டு மருத்துவமனைகளில் அது சோதிக்கப்பட்டது. 2009இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. அதில் இருந்த கேள்விகள் மருத்துவர்களுக்குத் தெரியாதவை அல்ல. நோயாளி இவர்தானா, எந்தப் பக்கம் அறுவை, ஒவ்வாமை உண்டா, கத்தரியும் பஞ்சும் எண்ணிச் சரியாக இருக்கின்றனவா? புதுமை வேறிடத்தில் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், அறையை விட்டு நோயாளியை வெளியே கொண்டுபோகும் முன் என மூன்று நிறுத்தங்கள் வைத்தார்கள். அந்தந்த இடத்தில் எல்லோரும் நின்று, வாய்விட்டுச் சொல்லி, பிறகுதான் நகரவேண்டும்.

ஐந்து ஆண்டு கழித்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது, பட்டியலைக் கட்டாயமாக்கியதால் இறப்போ சிக்கலோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று தெரிந்தது. பட்டியலே மாயை என்று சிலர் இதைக் கொண்டு முடிவுகட்டினார்கள். மறுதரப்பு சொன்ன விளக்கம் எனக்கு அதிகம் பொருந்துகிறது: தாளில் டிக் போடுவதை உத்தரவால் வாங்கிவிடலாம், நின்று பேசுவதை அப்படி வாங்க முடியாது. எட்டு மருத்துவமனை ஆய்விலும் ஒரு பலவீனம் உண்டு. அது முன்னும் பின்னுமாக எடுத்த ஒப்பீடு, குலுக்கல் முறைச் சோதனை கிடையாது. ஆகவே அந்த எண்களை அப்படியே வேதமாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போகவேண்டிய செய்தி தெளிவு. பயணப் பட்டியல் கூகுள் கீப் ஆப்பில் அழகாக இருப்பதால் பயனில்லை. வாசலைப் பூட்டும் முன் நின்று கேஸ், மோட்டார், மாத்திரை, சார்ஜர், அடையாள அட்டை என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுதான் பட்டியலின் உயிர்.

எல்லாவற்றையும் தனித்தனிக் கோப்புறையில் அடுக்கினால்தான் ஒழுங்கு என்பது இன்னொரு நம்பிக்கை. அலமாரிக்கு அது சரி, கணினிக்குப் பொருந்துவதில்லை. ஐபிஎம் ஆய்வாளர்கள் 345 பேர் பழைய மின்னஞ்சல்களைத் தேடி எடுத்த 85,000க்கும் மேற்பட்ட தருணங்களைப் பதிவுசெய்து 2011இல் வெளியிட்டார்கள். கோப்புறை போட்டு அடுக்கியவர்கள் அடுக்காதவர்களைவிட எளிதில் கண்டுபிடித்துவிடவில்லை. தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டியவர்களுக்கே வேலை சீக்கிரம் முடிந்தது. அப்படியென்றால் உழைப்பைப் போடவேண்டிய இடம் பெயர். வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு தேதியும் எண்ணுமாக நீளும் ஒரு பெயரோடு வந்து விழுகிறது. ஆறு மாதம் கழித்து அது எதன் ரசீது என்று பிரம்மனுக்கும் தெரியாது. சேமிக்கும்போதே ‘வீட்டு வரி 2024 ரசீது’ என்று மாற்றிவிட்டால், தேடும்போது நம் வாயில் வரும் சொல்லே சாவி. தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதியை வாட்ஸ்அப் 2022இல் கொண்டுவந்தது. அந்த உரையாடலை மேலே பின் செய்து, படத்தோடு இப்படி ஒரு வரி எழுதிவைத்தால் பலருக்கு வேறு குறிப்பு ஆப்பே வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: ஓட்டுநர் உரிமத்தின் புகைப்படம் போனில் இருப்பதும் டிஜிலாக்கரில் அதே உரிமம் இருப்பதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. டிஜிலாக்கர் வழியாகத் துறையே வழங்கும் ஆவணம்தான் அசலுக்குச் சமம். ஏடிஎம் பின் எண்ணை ஏதோ ஒரு பெயரில் தொலைபேசி எண்போலச் சேமித்துவைக்கும் தந்திரமும் வேண்டாம். திருடனுக்கும் அந்தத் தந்திரம் தெரியும்.

இத்தனையும் போனில் ஏற்றினால் மூளை மழுங்காதா என்ற ஆட்சேபம் நியாயமானது. தகவல் கணினியில் சேமிக்கப்படும் என்று தெரிந்தால் மக்கள் அதைக் குறைவாகவே நினைவில் வைக்கிறார்கள் என்று பெட்ஸி ஸ்பாரோவும் அவர் குழுவினரும் 2011இல் காட்டினார்கள். ஆனால் கணக்கின் மறுபக்கத்தை ஸ்டார்ம், ஸ்டோன் என்ற இருவர் 2015இல் வெளியிட்டார்கள். ஒரு கோப்பைச் சேமித்துவிட்டு அடுத்ததைப் படித்தவர்கள், அந்த அடுத்ததை நன்றாக நினைவில் வைத்தார்கள். இறக்கிவைத்த சுமைக்கு ஈடாக இடம் கிடைத்தது. சேமிப்பு நம்பகமானதாக இல்லை என்று தெரிந்தபோது அந்த லாபம் மறைந்துவிட்டது. ஐந்து ஆப்பில் ஐந்து பாதிப் பட்டியல் வைத்திருப்பவர் ஏன் இன்னும் பதற்றமாகவே இருக்கிறார் என்பதற்கு இதில் விடை இருக்கிறது: எதையும் அவர் முழுதாக நம்பி இறக்கிவைக்கவில்லை. ஆட்சேபத்தில் உள்ள உண்மையையும் ஏற்கவேண்டும். சார்ஜ் தீர்ந்த போனோடு பேருந்து நிலையத்தில் நிற்கும்போது வீட்டு எண் தலைக்குள் இல்லாவிட்டால் கஷ்டம்தான். இரண்டு மூன்று எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்வது எந்தக் காலத்திலும் வீணாகாது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற வாக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அதன் வேர் பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதிய நூலில், புதிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது அத்தனை நாளாகிறது என்ற கவனிப்பில் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் பார்த்தபோது நடுவாக 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை. அங்கும் ஒவ்வொருவரும் புதிய பழக்கத்தைக் காலைச் சாப்பாடு போன்ற, தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

இவ்வளவு சொன்னபிறகும், எந்த உத்தியாலும் தீராத ஒரு மறதி உண்டு. ஒரே ஆள் நான்கு பேருக்காக நினைவில் வைத்துக்கொள்வதால் வருவது அது. குழந்தையின் தடுப்பூசி, மாமியாரின் பிரஷர் மாத்திரை, பள்ளிக் கட்டணத்தின் கடைசித் தேதி, தண்ணீர் கேன் என எல்லாம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில். அமெரிக்கத் தம்பதிகளிடம் அலிசன் டாமிங்கர் எடுத்த பேட்டிகளின் அடிப்படையில் 2019இல் வெளியான கட்டுரை இந்த உழைப்பை நான்காகப் பிரித்தது: முன்கூட்டி யோசிப்பது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவரும் சேர்ந்துகொள்கிறார். முதலும் கடைசியும் பெண்கள் பக்கமே அதிகம். இந்தப் பெண்ணுக்கு இன்னொரு ஆப் கொடுப்பது அவர் சுமைக்கு ஒரு திரையைச் சேர்ப்பதுதான். குடும்பத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒரே காலண்டரைக் கூகுளில் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு பதிவிலும் அதைச் செய்யப்போகிறவர் பெயரை எழுதலாம், அழைப்பை அவருக்கு மட்டும் அனுப்பலாம். தடுப்பூசித் தேதி அப்பாவின் போனில் ஒலிக்கட்டும், தண்ணீர் கேன் கல்லூரிக்குப் போகும் மகனின் போனில்.