ஈர்ப்பு விசையும் மறைந்த பரிமாணங்களும்

மாணவர்களே, மேசைமீது குண்டூசியொன்றை வைத்து, சிறிய காந்தமொன்றை அதற்கு மேலே கொண்டுவாருங்கள். குண்டூசி துள்ளி எழும். முழுப் புவியும் அதனைக் கீழ்நோக்கி ஈர்க்கின்றது. ஆயினும் விரலளவு காந்தம் வென்றுவிடுகின்றது. ஈர்ப்பு விசை ஏன் இவ்வளவு நலிவானது?

1998 இல் அர்கானி-ஹமெட், டிமோபூலஸ், டிவாலி ஆகிய மூவர் இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். நாம் அறிந்த நீளம், அகலம், உயரம் தவிர வேறு பரிமாணங்களும் உண்டு எனக் கொள்வோம். ஒளியும் சடப்பொருளும் எமது மூன்று பரிமாணங்களுள் அகப்பட்டிருக்க, ஈர்ப்பு மாத்திரம் எல்லாவற்றிலும் பரவுகின்றது. அதனாலேயே எமக்கு அது நலிவாகத் தோன்றுகின்றது. அப்படியாயின், எமக்கு மிக அருகே சமாந்தரப் பிரபஞ்சம் ஒன்று இருந்தாலும் அதன் ஒளி எம்மை அடையாது. அதன் திணிவின் ஈர்ப்பை மட்டுமே உணரலாம். (இது கருதுகோள், விதியன்று. விடை எழுதும்போது இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இதனை எவ்வாறு சோதிப்பது? நியூற்றனின் விதிப்படி தூரம் அரைவாசியானால் விசை 4 மடங்காகும். ஈர்ப்பு பரவும் கோளத்தின் மேற்பரப்பு, ஆரையின் வர்க்கத்துக்கு விகிதசமமாக இருப்பதே இதற்குக் காரணம். மேலதிக பரிமாணம் ஒவ்வொன்றும் அவ்வடுக்கை ஒன்றால் கூட்டும். எனவே, மேலதிக பரிமாணங்கள் இரண்டு எனின், அவற்றின் பருமனிலும் குறைந்த தூரங்களில் விசை 16 மடங்காக வேண்டும். அப்பருமன் ஒரு மில்லிமீற்றர் வரை இருக்கலாம் என அன்று கருதப்பட்டது. வியப்பு என்னவெனில், அவ்வளவு சிறிய தூரங்களில் நியூற்றனின் விதி அதுவரை செம்மையாகச் சோதிக்கப்பட்டிருக்கவில்லை!

ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இச்சோதனையில் இறங்கினர். 1798 இல் கவென்டிஷ் பயன்படுத்திய அதே முறுக்கல் தராசுதான், மிகவும் நுண்ணிய வடிவில். 2020 இல் வெளியான பெறுபேற்றின்படி 52 மைக்ரோமீற்றர் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பு வரை, விதி மாறவில்லை.

பெரிய தூரங்களிலும் ஒரு சோதனை கிடைத்தது. 2017 ஓகஸ்ட் 17 இல், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலைகள் பதிவாகின. வழியில் அவை வேறு பரிமாணங்களுக்குக் கசிந்திருந்தால், அத்தூரத்துக்கு உரியதிலும் நலிவாக வந்திருக்கும். அவ்வாறு கசிந்ததற்கு அடையாளம் இல்லை.

இதனால் கருதுகோள் பொய்யாகிவிடவில்லை. பரிமாணங்கள் இருப்பின் அவை இன்னும் சிறியவை என்றே கூறலாம்.

பயிற்சி: மேலதிக பரிமாணங்கள் மூன்று எனின், அவற்றின் பருமனிலும் குறைந்த தூரமொன்று அரைவாசியாகும்போது விசை எத்தனை மடங்காகும்?

விடை: 32 மடங்கு.