பாடப் புத்தகத்தில் இருக்கும் கறுப்புக் கட்டம்

உங்கள் பிள்ளை தமிழ்நாடு அரசின் பாடநூலில் படிக்கிறதா? அறிவியல் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பாடத்தின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளால் ஆன சதுரம் ஒன்று அச்சாகியிருக்கும். இதுதான் க்யூ.ஆர். கோடு. 2018ல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்கு வெளியான புதிய பாடநூல்களில் இது இடம் பெற்றது. "அதெல்லாம் செல்போன் சமாச்சாரம்" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் இதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வீடியோ எதுவும் இல்லை. ஓர் இணைய முகவரி மட்டுமே உள்ளது. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994ல் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க இந்தக் கோடை உருவாக்கியது. மூன்று மூலைகளில் உள்ள பெரிய கட்டங்களைக் கொண்டு, புத்தகம் தலைகீழாக இருந்தாலும் கேமரா திசையைக் கண்டுகொள்ளும். தகவல் கொஞ்சம் கூடுதலாகவே பதியப்படுவதால், பிள்ளைகள் பேனாவால் கிறுக்கினாலும் பெரும்பாலும் படித்துவிடும். (நம் வீட்டுப் புத்தகங்களுக்கு இது அவசியம்!)

முகவரி மட்டும் இருப்பதில் ஒரு வசதி உண்டு. நமது திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் 2011 செப்டம்பர் 15ல் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அப்படி ஒரு லேப்டாப்பில் பதிந்த பாடத்தை மாற்ற வேண்டுமானால், ஒவ்வொரு மெஷினிலும் மாற்ற வேண்டும். க்யூ.ஆர். கோடு காட்டும் பாடமோ, மத்திய அரசு 2017ல் தொடங்கிய திக்ஷா தளத்தின் சர்வரில் உள்ளது. அங்கே மாற்றினால் போதும். புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டாம்.

சிக்கலும் இங்கேதான். புதுவாயல் போன்ற ஊரில் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் போன் என்றால், அது அப்பாவுடன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போய்விடும். 2020ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பல பிள்ளைகள் இப்படித்தான் தவித்தார்கள். போன் இல்லாத வீட்டுக்கு, 2019ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. ஆனால் டிவி பாடத்தை நிறுத்தி மறுபடி பார்க்க முடியாதே!

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். க்யூ.ஆர். கோடின் அருகே ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த குறியீடு இருக்கும். பிரவுசரில் திக்ஷா தளத்தைத் திறந்து, அந்தக் குறியீட்டை டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்தப் பாடத்துக்கான வீடியோக்களும் பயிற்சிகளும் பட்டியலாகக் கிடைக்கும். கேமரா தேவையில்லை. அப்பாவின் போனில் திக்ஷா ஆப் இருந்தால், இரவில் அவர் திரும்பியதும் பாடத்தை டவுண்லோட் செய்து வைக்கலாம். பிறகு நெட் இல்லாமலும் பார்க்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வீடியோ பார்ப்பதில் பெரிய லாபம் இல்லை. இதயத்தில் ரத்தம் ஓடும் விதத்தைப் பிள்ளை வீட்டிலேயே நான்கு முறை நிறுத்திப் பார்க்கட்டும். "எங்கே புரியவில்லை?" என்று வீடியோ கேட்காது. அதை ஆசிரியர்தான் கேட்க வேண்டும். வகுப்பின் நாற்பது நிமிடமும் அதற்குக் கிடைத்தால் நல்லது. நாளை நடக்கப்போகும் பாடத்தை இன்றிரவே பார்க்க வைத்து, சந்தேகங்களை நோட்டில் எழுதி அனுப்புங்கள்.

குறியீட்டில் பூஜ்யத்தையும் ஆங்கில 'ஓ'வையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாடம் வரவில்லை என்றால் முதலில் அதைத்தான் சரிபார்க்க வேண்டும்.