எந்தப் பின்?

நுழையும்முன்

பிறமொழிச் சொல்லைத் தமிழாக்கும்போது அதன் ஒலியையோ அகராதிப் பொருளையோ மட்டும் நம்புதல் போதாது. அச்சொல் செய்யும் வேலையை அறிதல் வேண்டும். ‘பின்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வழி இதனைக் காண்போம்.

கொடுமுடிக் கடைத்தெருவில் ஒருவர் ‘பின் கொடுங்கள்’ எனக் கேட்டால், ‘எந்தப் பின்?’ என்றே கடைக்காரர் வினவுவார். தாள்களைச் சேர்த்துக் குத்துவதற்கு வேண்டுமெனில் அது குண்டூசி. சேலை மடிப்பை நிறுத்துவதற்கெனில் ஊக்கு. கூந்தலுக்கெனில் கொண்டை ஊசி. ஆங்கிலம் ஒரே சொல்லுக்கு அடைமொழி சேர்த்துச் சுட்டும் இவற்றைத் தமிழ் வடிவும் பயனும் நோக்கித் தனித்தனியே பெயரிட்டழைக்கிறது. தையல் ஊசிக்குக் காது உண்டு. காதின்றித் தலை உருண்டிருப்பது குண்டூசி. அமெரிக்கராகிய வால்டர் ஹண்ட் 1849இல் காப்புரிமை பெற்ற ஊக்கின் கூர்முனை மூடிக்குள் அடங்கிவிடும். அதனால் ஆங்கிலத்தில் அதற்குப் ‘பாதுகாப்பு’ என்னும் அடைமொழி வாய்த்தது. அதனை அவ்வாறே ‘பாதுகாப்பு ஊசி’ எனப் பெயர்த்திருந்தால், தடுப்பு மருந்து என்றன்றோ மயங்கியிருப்போம்!

மாட்டுவண்டியின் சக்கரம் கழன்றுவிடாதவாறு அச்சின் நுனியில் செருகப்படுவது கடையாணி. ஆங்கிலத்தில் இதுவும் ‘லிஞ்ச்பின்’ எனப் பின் வகையுள் அடங்கும். ஒரு குழுவிற்கு இன்றியமையாதவரையும் ஆங்கில நாளிதழ்கள் இச்சொல்லால் குறிப்பதுண்டு. அவ்விடத்தில் தமிழுக்கு உரிய சொல் அச்சாணி. உருவத்தால் சிறியவரை இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் வினைத்திட்பம் அதிகாரத்தில் (குறள் 667) தேரின் அச்சாணியையே உவமையாக்கினார். ‘அவர் இக்குழுவின் பின்’ என்று எழுதிப் பாருங்கள். குழுவிற்குப் பின்னால் நிற்பவர் என்றே பொருள்படும். தமிழில் ‘பின்’ என்பது இடத்தையும் காலத்தையும் உணர்த்தும் சொல்லாக முன்பே இருப்பதே இதற்குக் காரணம்.

நேர் மொழிபெயர்ப்பு எல்லா இடத்தும் பிழையன்று. ஈரோடு மாவட்டத்துத் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சாலையின் வளைவும் ஊசியின் வளைவும் கண்ணுக்கு ஒத்திருப்பதால் இப்பெயர் எளிதில் நிலைபெற்றது.

கொடுமுடியின் ‘பின்கோடு’ 638151. இங்குள்ள ‘பின்’ ஊசியன்று. ஆங்கிலச் சொற்கள் மூன்றின் முதலெழுத்துகளால் ஆகிய குறுக்கம். 1972 ஆகஸ்டு 15 முதல் நடைமுறைக்கு வந்த இதனை அஞ்சல் குறியீட்டு எண் என்கிறோம்.

கற்பவை கற்றபின்

1. மேலுள்ள தலைப்பில் வரும் ‘பின்’ எப்பொருளில் வந்துள்ளது?
2. மிதிவண்டி பழுதுபார்ப்பவர், தையற்காரர், மின்பணியாளர் ஆகியோரிடம் ‘பின்’ என வழங்கும் பொருள்களைக் கேட்டறிந்து, அவற்றின் வேலைக்கேற்ற தமிழ்ச் சொற்களை எழுதுக.