பால்தான் ஒத்துக்கலை... மோர் ஒத்துக்கும்!

பௌர்ணமி கிரிவலம் முடிந்த மறுநாள், ரமணாசிரமம் பகுதியில் உள்ள என் வைத்தியசாலையில் கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும். பாதிப் பேருக்குக் கால்வலி, மீதிப் பேருக்கு வயிறு. அப்படி ஒரு நாள், ஐம்பது வயது அம்மா ஒருவர் மகளோடு வந்தார்.

"நடக்கும்போது ஒரு தம்ளர் சூடா பால் குடிச்சேன் டாக்டர். ஒரு மணி நேரத்துல வயிறு உப்பி, கடமுடான்னு சத்தம். அப்புறம் பேதி. பல வருஷமா இப்படித்தான். அல்சர்னு மாத்திரை சாப்பிடறேன்."

"மோர் சாப்பிட்டால்?"

"அது ஒண்ணும் பண்ணாது."

அந்தப் பதிலிலேயே கோளாறு பாதி பிடிபட்டுவிட்டது.

ஏன் இப்படி?

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைப்பது சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி. குழந்தைப் பருவத்தில் தாராளமாகச் சுரக்கும் இது, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இந்தக் குறை உண்டு. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்கும். பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். உப்புசமும் பேதியும் அதனால்தான்.

உறை ஊற்றினால், தயிராக்கும் நுண்ணுயிர்கள் இந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மீதியைச் செரிக்கவும் உதவுகின்றன. நீர் விட்டுப் பெருக்கிய மோரில் அளவு இன்னும் குறைவு. நெய்யில் அநேகமாக இல்லை. ஆனால் பாலை எவ்வளவு காய்ச்சினாலும் லாக்டோஸ் போகாது. ஆட்டுப் பாலிலும் உண்டு. பால்கோவாவில் சுண்டி, செறிந்து இருக்கும்.

என்ன செய்யலாம்?

* இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். தொல்லை நின்று, மறுபடி குடித்ததும் வந்தால் சந்தேகம் வலுக்கும். மூச்சுக்காற்றுப் பரிசோதனையும் உண்டு.
* பலருக்குக் கொஞ்சம் பால் தாங்கும். வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டோடு அரைத் தம்ளரில் ஆரம்பியுங்கள்.
* சுண்ணாம்புச் சத்தை விடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி சேருங்கள்.
* மோரில் சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை சேர்த்தால் வாயுத் தொல்லைக்கு இதம். ஆனால் எந்தச் சூரணமும் குறைந்த நொதியைத் திரும்பச் சுரக்க வைக்காது. சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன்.

குழந்தை விஷயத்தில் ஜாக்கிரதை!

கிளம்பும்போது மகள் மெதுவாகக் கேட்டாள்: "என் அஞ்சு மாசக் குழந்தைக்கும் மூணு நாளா பேதி. அம்மா மாதிரியே பால் ஒத்துக்கலைன்னு தாய்ப்பாலை நிறுத்திட்டேன். சரிதானே?"

பதறிப்போனேன். பச்சிளம் வயதில் இந்தக் குறை பிறவியிலேயே வருவது மிக மிக அபூர்வம். பேதி கண்ட குழந்தைக்குத் தாய்ப்பால்தான் நீரும் உணவும். "இப்பவே கொடும்மா" என்று சொல்லி, குழந்தை நல மருத்துவரிடம் அனுப்பினேன். குழந்தை தேறிவிட்டது.

பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் அது அலர்ஜி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் ரத்தம், எடை குறைவு, காய்ச்சல் இருந்தாலும் பால் மேல் பழி போட்டு உட்காராதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

அந்த அம்மா இப்போதும் கிரிவலம் போகிறார். கையில் மோர் பாட்டிலோடு!