பேக்கப் ஓடும்போது இணையம் ஏன் திணறுகிறது?

கேள்வி: எங்கள் அலுவலகக் கோப்புகளை ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் மென்பொருள் மூலம் வெளியூர் சர்வருக்கு பேக்கப் எடுக்கிறோம். அது ஓடத் தொடங்கியதும் வீடியோ அழைப்புகள் அறுந்துபோகின்றன. இணையப் பக்கங்கள்கூடத் திறப்பதில்லை. என்ன வழி?

பதில்: பேக்கப் உங்கள் அப்லோடு வேகம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. டவுன்லோடு ஆகும் தகவலுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை அப்லோடு வழியாகத்தான் போக வேண்டும். அது மோடத்தில் வரிசையில் சிக்குவதால் எல்லாமே நின்றுபோகிறது.

ஆர்சிங்க்கிலேயே இதற்கு 'பிடபிள்யூலிமிட்' என்ற அமைப்பு இருக்கிறது. பலர் தடுமாறுவது அலகில்தான். இணைய நிறுவனம் சொல்வது மெகாபிட். பிடபிள்யூலிமிட் எதிர்பார்ப்பது வினாடிக்கு இத்தனை கிலோபைட் என்ற எண். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 20 மெகாபிட் அப்லோடு என்பது வினாடிக்கு 2.5 மெகாபைட்தான். அந்த வேகம் உள்ள இணைப்பு என்றால், அலுவலக நேரத்தில் 1000 என்று கொடுங்கள். இரவில் குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் 'கிரான்' மூலம் ஓடும்போது 2000 வரை போகலாம்.

முதல் பேக்கப்தான் பெரிய சுமை. வினாடிக்கு 2 மெகாபைட் வேகத்தில் 100 ஜிபி போய்ச் சேர ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். முடிந்தால் அதை மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து நேரில் கொண்டுபோய் ஏற்றுங்கள். பிறகு ஆர்சிங்க் மாறிய பகுதிகளை மட்டுமே அனுப்பும். 'பார்ஷியல்' அமைப்பையும் சேர்த்துவிட்டால், இணைப்பு அறுந்தாலும் அதுவரை அனுப்பியது வீணாகாது.

வேகத்தைக் குறையுங்கள், பேக்கப்பை மட்டும் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.